கை தூரம், சாண் தூரம்: குட்டிப் படைவீரர்களுக்குப் பெயிண்ட் அடிக்க வருகிறவர்களுக்கு

மேசை மேல் ஆடும் போர் விளையாட்டுக்கான குட்டிப் படைவீரன் பொம்மை ஒன்று கைக்கு வந்ததும் பெயிண்டைத் திறந்துவிடாதீர்கள். இவனை எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். விளையாடத்தான் என்றால் மேசையில் நிற்பான், பார்க்கிறவர் கை நீட்டும் தூரத்தில் இருப்பார். கண்ணாடி அலமாரிக்கு என்றால் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எந்தப் பிரஷ், எத்தனை கோட், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்பதெல்லாம் இந்தத் தூரத்தை வைத்துத்தான் முடிவாகும். புதிதாக வருகிறவர்கள் பலர் இதைக் கேட்காமலேயே ஆரம்பித்து, இருபது பேர் கொண்ட படையில் ஒவ்வொருவனுக்கும் கண்மணி வரைய உட்கார்ந்து, நாலாவது ஆளோடு கை ஓய்ந்து பெட்டியை மூடி வைத்துவிடுகிறார்கள்.

இதைப் படிக்க நம் ஊரிலேயே இரண்டு இடம் இருக்கிறது. கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை அண்ணாந்து பாருங்கள். கண் பெரிது, புருவம் தடித்த கறுப்புக் கோடு, உதட்டுச் சிவப்பு அப்பட்டமான சிவப்பு. திருப்பணி சமயத்தில் சாரத்தில் ஏறிப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு முரட்டு வேலை என்று. ஆனால் கீழே தெருவில் நிற்கிறவனுக்கு முகம் பளிச்சென்று புரியும். அப்படியே திருச்செந்தூர் சாலையில் போய்க் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் நில்லுங்கள். கர்ணனும் அர்ஜுனனும் குறவனும் ஆள் உயரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள், விரல் நகமும் புடைத்த நரம்பும் கல்லில் தெரிகிறது. விளையாட்டுப் படை கோபுர வேலை. காட்சிக்கு வைக்கும் உருவம் கிருஷ்ணாபுரத்து வேலை. இரண்டில் எதுவும் மட்டம் இல்லை, ஆனால் ஒன்றின் கூலிக்கு இன்னொன்றைச் செய்துகொடுத்தால் கட்டுப்படியாகாது.

இந்த விளையாட்டையே கேள்விப்படாதவர்களுக்கு: மேசை மேல் நிலப்பரப்பு அமைத்து, படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு இது. உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் வார்ஹாமர், இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1983-ல் வெளியிட்டது. விண்வெளிப் போரை வைத்து வரும் வார்ஹாமர் 40,000 வந்தது 1987-ல். நெப்போலியன் காலம், உலகப் போர், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் என்று வரலாற்றுப் போர்களை ஆடுகிறவர்களும் நிறைய உண்டு. உருவங்கள் பெரும்பாலும் 28 முதல் 32 மி.மீ. உயரம், பிளாஸ்டிக்கிலோ ரெசினிலோ உலோகத்திலோ பெயிண்ட் இல்லாமல் வரும். ஆட ஆசை இருக்கிறது, அடிக்க நேரமில்லை என்கிறவர்கள் நம்மிடம் தருவார்கள். வெளியே இதைக் கமிஷன் பெயிண்டிங் என்பார்கள், ஆனால் இங்கே கமிஷன் என்றால் தரகு என்றுதான் காதில் விழும், அதனால் நான் ஆர்டர் வேலை என்றே சொல்கிறேன். நான் இருப்பது பாளையங்கோட்டையில், மாடியில் ஒரு சின்ன அறை. ஆர்டர் வருவது பெங்களூரில் இருந்தும் சென்னையில் இருந்தும்தான். தபால் போகிற ஊர் எதிலிருந்தும் இதைச் செய்யலாம்.

என்னென்ன வாங்குவது

பிரஷ்ஷில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் தவறாக வாங்குகிறார்கள். சின்ன உருவம், அதனால் ஆகச் சின்ன பிரஷ் என்று மூன்று சைபர் போட்டதை வாங்கி வருவார்கள். அதன் வயிற்றில் பெயிண்டே நிற்காது, நுனி உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும், அதுவும் நம் சித்திரை வெயிலில். 1-ம் எண்ணோ 2-ம் எண்ணோ, நுனி கூராக நிற்கும் உருண்டைப் பிரஷ் ஒன்று போதும், கண்கூட அதிலேயே வரையலாம். கடையில் தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதறிப் பாருங்கள், முடி ஒன்றுசேர்ந்து ஊசி மாதிரி வந்தால் வாங்குங்கள், இரண்டாகப் பிரிந்தால் வைத்துவிடுங்கள். கொலின்ஸ்கி என்ற விலங்கின் முடியில் செய்த பிரஷ் நன்றாக இருக்கும், விலை அதிகம். முதல் ஆறு மாதத்துக்கு நல்ல சிந்தெடிக் போதும். முடியின் பாதிக்கு மேல் பெயிண்டில் முக்கக் கூடாது. முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டைக்குள் பெயிண்ட் ஏறிக் காய்ந்துவிட்டால் நுனி விரிந்துபோகும், அப்புறம் அது, பின்னால் சொல்லப் போகிற ட்ரை பிரஷ் வேலைக்குத்தான் ஆகும். தண்ணீர் டம்ளருக்குள் தலைகீழாக நிறுத்தி வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் சாதாரணக் குளியல் சோப்பில் கழுவி, விரலால் கூராக்கிப் படுக்கப் போடுங்கள். வாயில் வைத்துக் கூராக்குவதை மட்டும் பழகவே பழகாதீர்கள்.

பெயிண்ட் என்றால் இதற்கென்றே வரும் அக்ரிலிக்தான். ஸ்பெயினின் வலேஹோ சொட்டு பாட்டிலில் வருகிறது, கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சிட்டடெல் மூடி போட்ட குப்பியில் வருகிறது. நம் வெயிலுக்குச் சொட்டு பாட்டில்தான் நல்லது. குப்பியின் விளிம்பில் பெயிண்ட் காய்ந்து மூடி சரியாக அடையாமல், இரண்டு மாதத்தில் உள்ளே ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. ஃபெவிக்ரில், கேம்லின் அக்ரிலிக் ஆகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நிலம், பாறை, சுவருக்குத் தாராளமாக ஆகும். முகத்துக்கும் துணிக்கும் வேண்டாம், அவற்றில் நிறப்பொடி கொஞ்சம் பெரிதாக இருப்பதால் தண்ணீர் விட்டு மெலிதாக்கினால் திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் பன்னிரண்டு நிறம் போதும்: கறுப்பு, வெள்ளை, தந்த நிறம், சிவப்பு, ஆரஞ்சு, நீலம், கரும்பச்சை, காவி மஞ்சள், அடர் பழுப்பு, செம்பழுப்பு, வெள்ளி, தங்கம். இவற்றோடு வாஷ், அதாவது மடிப்புக்குள் ஓடி நிழலாகத் தங்கும் நீர்த்த பெயிண்ட், பழுப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று. ஐம்பது நிறம் கொண்ட பெட்டியை வாங்கிவிட்டால் கலக்கவே பழக மாட்டீர்கள்.

மற்றதெல்லாம் ஊரிலேயே கிடைக்கும். மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் சைடு கட்டர், இடுக்கி, தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி மூன்றும் ஒரே இடத்தில் வாங்கிவிடலாம். இடுக்கை அடைக்க எம்-சீல், ஒட்ட ஃபெவிக்விக். உருவத்தைப் பிடித்துக்கொள்ளக் காலி மருந்து பாட்டில், அதன் தலையில் இரட்டைப் பக்க டேப். உருவத்தை விரலால் தொட்டுக்கொண்டே அடித்தால் கை எண்ணெய் பட்டுப் பெயிண்ட் உரியும்.

ஈரத்தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும், அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அல்வா வாங்கி வந்த பிளாஸ்டிக் டப்பாவில் டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்துப் போட்டு நனையுங்கள், அதன் மேல் பட்டர் பேப்பரை விரித்துக் குமிழ் இல்லாமல் தடவுங்கள், பெயிண்டை அதில் வையுங்கள். அடியில் இருந்து ஈரம் கசிந்து மேலே வந்துகொண்டே இருக்கும், மூடி வைத்தால் மறுநாளும் பெயிண்ட் அப்படியே இருக்கும். பட்டர் பேப்பரில் மெழுகு பூசியதும் உண்டு, அது ஈரத்தை விடாது. ஒரு துண்டைத் தண்ணீர் மேல் போட்டு இரண்டு நிமிடம் விட்டு மேல்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், விரலில் ஈரம் பட்டால்தான் சரியான பேப்பர்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலக்குவதற்கு போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீரில் வாஷ் கலந்தால் காய்ந்த பிறகு மடிப்புகளில் வெள்ளையாகப் படிகிறது. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரையோ குடிக்கிற தண்ணீரையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவு, சுரண்டு, ப்ரைமர் அடி

அச்சில் இருந்து எளிதில் கழன்று வர ஒரு வழவழப்பைத் தடவியிருப்பார்கள், ரெசின் உருவங்களில் அது அதிகம். சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அப்புறம் அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். இது சலிப்பான வேலைதான், ஆனால் விட்டுவிட்டால் வாஷ் போட்டதும் கன்னத்தின் குறுக்கே தழும்பு மாதிரி அந்தக் கோடு எழுந்து நிற்கும். ரெசினைத் தேய்ப்பதாக இருந்தால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மூக்குக்கு மாஸ்க் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ப்ரைமர், அதாவது பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் பிடிமானப் பூச்சு, இல்லாமல் பெயிண்ட் பிடிக்காது. ஸ்ப்ரே என்றால் ஒரு அடிக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் இருந்து, உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து, குட்டிக் குட்டி வீச்சாக அடியுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தி அழுத்தினால் முகம் மொழுகிப் போகும். கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் சாம்பல் ப்ரைமரும் ஆகும், ஆனால் பிளாஸ்டிக் உருவத்துக்கு அடிக்கும் முன் அதன் பாகங்கள் ஒட்டி வந்த பிளாஸ்டிக் சட்டத்தின் வெட்டுத் துண்டு ஒன்றில் அடித்துப் பாருங்கள், சிலது பிளாஸ்டிக்கை அரிக்கும். முதலில் முழுக்கக் கறுப்பு, காய்ந்ததும் தலைக்கு மேலே இருந்து மட்டும் வெள்ளை லேசாக ஒரு வீச்சு: வெயில் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்று உருவமே உங்களுக்குக் காட்டிவிடும்.

இங்கே நம் ஊர்ப் பருவம் குறுக்கே வரும். சித்திரை, வைகாசியில் பகல் பதினோரு மணிக்கு மேல் ஸ்ப்ரே அடித்தால் துளி காற்றிலேயே பாதி காய்ந்து, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக விழும். ஆனி, ஆடியில் மேல்காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். அதனால் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், காற்று எழும் முன், ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் படுக்கவைத்து அதற்குள் வைத்து அடித்துவிடுவேன். மழை நாளில் ஸ்ப்ரேயைத் தொடவே மாட்டேன், பிரஷ்ஷால் தடவும் ப்ரைமர்தான். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கார்த்திகை மாதம். பத்து வீரர்கள் முழுக்க முடித்து, மறுநாள் அனுப்பியாக வேண்டும் என்று மழை விட்ட சாயங்காலம் மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பு இல்லாத வார்னிஷ், ஸ்ப்ரே அடித்தேன். காலையில் பார்த்தால் பத்தும் பனி மூடியதுபோல் வெளுத்துக் கிடந்தன. மூன்று வார வேலை. கார் பெயிண்ட் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "ஈரக் காத்துல அடிச்சா பூக்கத்தான் செய்யும் தம்பி, வண்டிக்கே பூக்கும்லா, இம்புட்டுக்காணு பொம்மை எம்மாத்திரம்" என்றார். பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ஷால் மெலிதாகத் தடவினால் வெளுப்பு மறையும் என்று தெரிந்து தடவினேன், எட்டு பேர் தேறினார்கள். இரண்டு பேருக்கு முகத்தை மறுபடியும் அடித்தேன். ஆர்டர் கொடுத்தவருக்கு அன்றே போன் செய்து நடந்ததைச் சொல்லி ஒரு வாரம் கேட்டேன், தந்தார்.

பெயிண்ட் பதம்

நிறம், டெக்னிக் எல்லாவற்றுக்கும் முன்னால் கைக்கு வர வேண்டியது பதம். சமையலில் பாகுக்குப் பதம் பார்ப்பதுபோல்தான் இதுவும். பாட்டிலில் இருப்பது கெட்டி மோர். அப்படியே அடித்தால் செதுக்கிய மடிப்பெல்லாம் நிரம்பிப் போகும். அடிப்பூச்சுக்குப் பால் பதம்: ஒரு கோட் அடித்தால் அடியில் இருப்பது தெரியும், இரண்டாவது கோட் மூடிவிடும். மேடான இடங்களில் வெளிறிய நிறத்தால் வெளிச்சம் ஏற்ற நீர்மோர் பதம். சாயை ஏற்றுவதற்கு, அதாவது கிளேஸுக்கு, அரிசி கழுவிய தண்ணீர் பதம்: தடவினால் நிறம் மாறியதா இல்லையா என்றே சந்தேகம் வர வேண்டும், ஐந்தாறு முறை தடவிய பிறகுதான் மாற்றம் தெரிய வேண்டும். பிரஷ்ஷில் எடுத்ததை நேராக உருவத்தில் வைக்காமல், முதலில் டிஷ்யூவில் ஒரு தொடு தொட்டு, அப்புறம் இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு பரவாமல் திட்டாகாமல் நின்றால் உருவத்துக்குப் போகலாம். ஒரு கோட் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. அரைகுறையாகக் காய்ந்ததன் மேல் பிரஷ் போனால் தோல் மாதிரி உரிந்து வரும். நம் ஊரில் ஃபேன் காற்றுக்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் அடிக்கும்போது ஃபேன் நேராகப் படக் கூடாது, பிரஷ் நுனியே காய்ந்துவிடும்.

கை தூரத்துப் படை

பத்து ஆள் கொண்ட படை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஐந்து பேரின் சட்டை, ஐந்து பேரின் கால்சட்டை, ஐந்து பேரின் தோல் வார் என்று ஒரு நிறமாக முடித்துக்கொண்டே போங்கள். ஐந்தாவது சட்டை முடியும்போது முதல் சட்டை காய்ந்திருக்கும். பத்தையும் ஒன்றாக வரிசையில் வைத்தால் நாள் முழுக்கச் சட்டையே அடித்துக்கொண்டிருப்பீர்கள், ஒரு ஆளும் முடிந்திருக்க மாட்டான். உள்ளே இருப்பதை முதலில் அடியுங்கள்: தோல், அதன் மேல் துணி, அதன் மேல் வார், கடைசியில் ஆயுதம், உடுத்திக்கொள்கிற அதே வரிசை.

அடிப்பூச்சு முடிந்ததும் வாஷ். மடிப்புக்குள் தானே ஓடி நிழலாகத் தங்கும். உருவத்தை முழுக்க அதில் குளிப்பாட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். முழங்காலிலும் வயிற்றிலும் குளமாக நிற்பதை ஈரப் பிரஷ்ஷால் உறிஞ்சி எடுக்காவிட்டால் காய்ந்ததும் காப்பிக் கறை வளையம் மாதிரி விழும். அது காய்ந்த பிறகு, முதலில் அடித்த அதே நிறத்தை மேடான இடங்களுக்கு மட்டும் மறுபடி கொண்டுவாருங்கள். அப்புறம் அதைவிட வெளிறிய நிறத்தில் ஓரங்களில் மட்டும் ஒரு கோடு, பிரஷ்ஷின் நுனியால் அல்ல, பக்கவாட்டால் தொட்டு இழுத்தால் கோடு நேராக வரும். கம்பளி, சங்கிலிக் கவசம், மயிர் எல்லாவற்றுக்கும் ட்ரை பிரஷ்: பெயிண்டை டிஷ்யூவில் ஏறக்குறைய முழுக்கத் துடைத்துவிட்டு மேலாகத் தடவினால் மேடுகள் மட்டும் பிடித்துக்கொள்ளும்.

முடித்தவர்களைத் தரையில் வரிசையாக நிறுத்தி, எழுந்து நின்று பாருங்கள். முகம், கை, ஆயுதம் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் முடிந்தது, அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள். தெரியவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை, இன்னும் துணிந்து ஏற்றுங்கள். கையில் வைத்துப் பார்க்கும்போது அதிகப்படி என்று தோன்றுவது மேசையில் சரியாக இருக்கும். கோபுரக் கணக்குதான்.

சாண் தூரத்து உருவம்

காட்சிக்கு வைக்கும் உருவத்தில் ஒரே ஒரு வேலையை விவரமாகச் சொல்கிறேன், சிவப்புத் துணி. கம்பெனிப் படைச் சிப்பாயின் சட்டை சிவப்பு, அதனால் எனக்கு இது அடிக்கடி வரும். சிவப்பில் வெள்ளை கலந்து வெளிச்சம் ஏற்றினால் ரோஸ் ஆகிவிடும், கறுப்பு கலந்து நிழல் போட்டால் அழுக்காகத் தெரியும். நிழலுக்குச் சிவப்போடு அடர் பழுப்பும் ஒரு துளி நீலமும், நடுவில் சிவப்பு, வெளிச்சத்துக்குச் சிவப்போடு ஆரஞ்சு, உச்சியில் ஆரஞ்சோடு ஒரு துளி தந்த நிறம். முதலில் நடுச் சிவப்பை இரண்டு கோட் அடித்து மூடுங்கள். முழங்கை மடிப்பின் பள்ளத்தில் நிழலை, அரிசி கழுவிய தண்ணீர் பதத்தில், மேட்டில் தொடங்கிப் பள்ளத்தை நோக்கி இழுங்கள். பிரஷ் எங்கே முடிகிறதோ அங்கேதான் நிறம் அதிகம் தங்கும், அதனால் நிழலுக்குப் பள்ளத்தில் முடியுங்கள், வெளிச்சத்துக்கு மேட்டில் முடியுங்கள். காயவிட்டு மறுபடியும், இந்த முறை கொஞ்சம் குறுகிய இடத்தில். ஒரு முழங்கைக்கு எட்டு, பத்து தடவை வரும். எல்லை தெரிகிற இடத்தில் நடுச் சிவப்பையே மிக மெலிதாக்கி இரண்டு பக்கத்துக்கும் மேலாக ஒரு முறை தடவினால் கோடு கரைந்துவிடும். அங்கே துணி மடிவதை நீங்கள் செய்தீர்களா, செதுக்கியவர் செய்தாரா என்று பிரிக்க முடியாதபடி ஆகும்போது நிறுத்துங்கள்.

நிழல் எங்கே போடுவது என்று திகைத்தால் கிருஷ்ணாபுரத்துக்கு ஒரு காலை போய் வாருங்கள். கல்லுக்கு ஒரே நிறம்தான். புருவத்தின் அடியில், மூக்கின் பக்கத்தில், கீழுதட்டுக்குக் கீழே, கச்சையின் மடிப்பில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் வெறும் நிழல். ஒரு நோட்டில் அந்த இடங்களை மட்டும் பென்சிலால் தீட்டிக்கொண்டு வந்தால் பத்து வீடியோ பார்ப்பதைவிட அதிகம் கிடைக்கும்.

தோல் நிறத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்கப் போகிற பாடங்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோல்தான் இருக்கும், பெயிண்ட் நிறுவனங்கள் தோல் நிறம் என்று எழுதி விற்றுவந்ததும் பல காலம் அதைத்தான். பாஞ்சாலங்குறிச்சிப் படையை அடிக்க வேண்டும் என்றால் அது உதவாது. நம் ஆட்களுக்கு அடிநிறம் அடர் பழுப்போடு செம்பழுப்பு; நிழலில் ஒரு துளி நீலம் கலந்தால் கறுப்புத் தோலின் ஆழம் வரும்; வெளிச்சத்துக்குக் காவி மஞ்சளும் ஆரஞ்சும், வெள்ளை வேண்டாம், சாம்பல் பூத்துவிடும். வெயிலில் உழைத்த தோலில் நெற்றியிலும் தோள்பட்டையிலும் ஒரு மினுக்கம் இருக்கும், அங்கே மட்டும் தந்த நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி. பத்து பேர் என்றால் பத்து பேருக்கும் ஒரே கறுப்பு வேண்டாம், நம் தெருவில் அப்படியா இருக்கிறோம். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் 1799-ல் தூக்கிலிட்டார்கள் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்; அந்தப் படையை ஒரு சாண் தூரத்தில் காட்டும்போது அந்த முகங்கள் நம் முகங்களாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கண்ணுக்கு வருவோம். சுடலைமாடனுக்கோ வேறு சாமி சிலைக்கோ கண் திறப்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசியில். இந்தக் குட்டி உருவங்களில் நான் அதை முதலிலேயே செய்துவிடச் சொல்வேன். தோலின் முதல் கோட் முடிந்ததும் கண்குழியில் தந்த நிறம் ஒரு கீற்று, சுத்த வெள்ளை வைத்தால் பயந்து விழிப்பதுபோல் தெரியும். அடர் பழுப்பில் மேலிருந்து கீழாக ஒரு சின்னக் கோடு, புள்ளி வேண்டாம். புள்ளி வைத்தால் சுற்றி வெள்ளை தெரிந்து முறைக்கும். மாறுகண் ஆகிவிட்டதா, பரவாயில்லை, சுற்றியுள்ள தோலை இனிமேல்தானே அடிக்கப் போகிறீர்கள், அப்போது சரி செய்துவிடலாம். கடைசியில் கண் வரைந்து தவறினால் முடித்த முகம் முழுக்கப் போகும்.

காலடி நிலம்

இதற்கு வெளிநாட்டில் இருந்து டப்பா டப்பாவாக வாங்குகிறார்கள், வேண்டவே வேண்டாம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் ஒரு டம்ளர் இருந்தால் ஒரு வருஷத்துக்கு வரும். இந்த உருவங்கள் உண்மை அளவில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஒரு மி.மீ. மணல் ஆறு செ.மீ. கல்லாகத் தெரியும். ஆற்று மணலை அப்படியே போட்டால் வீரன் ஜல்லிக் குவியலில் நிற்பதுபோல் இருப்பது இதனால்தான். தேரி மணல் நைசாக இருக்கும், இரும்புச் சத்தால் வந்த சிவப்பு இயற்கையாகவே இருப்பதால் பெயிண்டே அடிக்காமல் பழுப்பு வாஷ் மட்டும் விட்டாலும் போதும். கழுவி வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, ஃபெவிக்காலில் தண்ணீர் கலந்து தடவி மேலே தூவுங்கள். காய்ந்ததும் இன்னும் நீர்த்த ஃபெவிக்காலை ஒரு சொட்டு மேலே விட்டால் உதிராது. காய்ந்த புல்லுக்குப் பனந்தும்பைப் பொடியாக வெட்டிக் கொத்துக் கொத்தாக நட்டுவிடலாம், கோரைத் துணுக்கும் நன்றாக நிற்கும். உருவம் நிற்கும் தட்டின் விளிம்பைக் கறுப்பில் சுத்தமாக முடியுங்கள். மேசையில் கையாளும் படைக்குப் பளபளப்பு வார்னிஷ் ஒன்று, அதன் மேல் மேட் ஒன்று. அலமாரி உருவத்துக்கு மேட் மட்டும்.

ஆர்டர் எடுக்கும்போது

முதல் இருபது உருவத்தை உங்களுக்காக மட்டும் அடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். விலை சொல்ல அந்தக் கணக்குதான் ஆதாரம். உங்கள் மணிக்கு 100 ரூபாய் என்று வைத்து, ஒரு ஆளுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால் பத்து ஆளுக்கு 2,000 ரூபாய், அதோடு பெயிண்ட், பெட்டி, தபால் செலவு. காட்சி உருவம் ஒன்று எனக்கு 25 முதல் 40 மணி நேரம் எடுக்கிறது. அதற்கு விளையாட்டுப் படை விலையைச் சொன்னால் சாப்பிட முடியாது. தெரிந்தவர் என்று பாதி விலைக்கு ஒன்று செய்துவிட்டால் அவர் சொல்லி வருகிற நாலு பேரும் அதே விலைக்குத்தான் வருவார்கள்.

பேச்சில் விடாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை உருவம், கை தூர வேலையா சாண் தூர வேலையா, என்ன நிறம், எப்போது முடியும், பாதிப் பணம் முன்னால், மீதி படம் பார்த்த பிறகு அனுப்பும் முன். ஒரே ஒரு ஆளை முதலில் முடித்துப் படம் அனுப்பி, சரி என்ற பதில் வந்த பிறகே மற்றவர்களைத் தொடுங்கள். "நீலம் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லாருக்கும் அண்ணா" என்று ஒரு ஆளில் கேட்டால் கால் மணி நேரம், பத்திலும் கேட்டால் ஒரு நாள். சொன்ன தேதிக்கு முடியாது என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். 3டி பிரிண்டரில் அச்சிட்ட ரெசின் உருவங்களை நீங்களே விற்பதானால் அந்த வடிவ ஃபைலை விற்பனைக்கு அச்சிட உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உருவம் தயாரிக்கும் நிறுவனத்தின் உருவத்தை நகல் வார்த்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

படம் எடுக்க வடக்குப் பார்த்த ஜன்னல், பின்னால் சாம்பல் நிறச் சார்ட் பேப்பர், போனைக் கொஞ்சம் தள்ளி வைத்து ஜூம் செய்து எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். நிறத்தைத் தூக்கிக் காட்டும் ஃபில்டர் எதுவும் போடாதீர்கள், பெட்டியைத் திறக்கிறவர் படத்தில் பார்த்ததையே பார்க்க வேண்டும்.

அனுப்புவதில் நான் பட்டது ஒன்று. பஞ்சில் பொதிந்து அனுப்பிய ஒரு பெட்டி போய்ச் சேரும்போது மூன்று வாள் முறிந்திருந்தது. பஞ்சு அமுங்க அமுங்க உருவங்கள் உள்ளே நகர்ந்து ஒன்றோடு ஒன்று மோதிவிட்டன. இப்போது ஒவ்வொரு தட்டின் அடியிலும் 5 மி.மீ. காந்தம் ஒட்டி, பிஸ்கட் வரும் தகர டப்பாவின் அடியில் நிறுத்திவிடுகிறேன், பிறகு அந்த டப்பாவை இன்னொரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து நாலு பக்கமும் செய்தித்தாளைக் கசக்கி அடைக்கிறேன். எவர்சில்வர் டப்பா எடுக்கும் முன் காந்தத்தை வைத்துப் பாருங்கள், பலதில் ஒட்டாது.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு ஆர்டருக்கும் என்ன நிறத்தை எதோடு எத்தனை சொட்டு கலந்தீர்கள் என்று அன்றன்றே எழுதி, பக்கத்தில் அந்தக் கலவையை ஒரு விரல் தீற்றிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆள் "அந்தப் படைக்கு இன்னும் ஐந்து பேர் வாங்கிட்டேன்" என்று வருவார், நினைவில் இருந்து அந்தச் சிவப்பைக் கலக்க முடியாது. என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: சிப்பாய் சட்டை, நிழல், சிவப்பு 4 சொட்டு, அடர் பழுப்பு 2, நீலம் 1, பத்து பேர், 21 மணி நேரம், தட்டு தேரி மணல், வாஷ் ஒரு கோட்.